சுமைதாங்கிக் கல்லும் 24 இஞ்ச் சைக்கிளும்

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் பகுதி அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுத்திருக்கிறார்கள். நாளிதழில் படம் வந்திருந்தது. முன்னால் நிற்கும் பெரியவர்கள் ஏழு பேருக்கும் பெயர், பதவி எல்லாம் போட்டிருக்கிறது. பின்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே சொல்: ‘பயனாளிகள்’.

இந்தச் சொல்லோடு எனக்கு இருக்கும் வழக்கு இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். முதியோர் ஓய்வூதிய வரிசையைப் பற்றி எழுதியபோதும் சண்டை போட்டேன், தையல் இயந்திரம் வாங்கிய பெண்களைப் பற்றி எழுதியபோதும் போட்டேன். இனியும் போடுவேன். கை நீட்டி வாங்கிய அந்த ஒரு நிமிஷத்தோடு ஒருவரை நிறுத்திவிடுகிற சொல் அது. வாங்கிக்கொண்டு போய் அவர் என்ன பாடுபட்டார், என்ன செய்தார் என்பதை யாரும் கேட்பதில்லை.

புது வண்டிகளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் தெருமுனை சைக்கிள் கடையில் ஆறேழு வண்டிகள் நின்றன. பிரேக் பிடிக்கவில்லை, நட்டு சரியாக முறுக்கவில்லை, செயின் தொங்குகிறது. பிள்ளைகள் சொந்தக் காசைக் கொடுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். விசாரித்துக் குறிப்பும் எடுத்தேன். அப்போது ஒரு பிள்ளை தன் வண்டியில் வந்தாள். ஒல்லியான பிள்ளை, வண்டி அவளுக்கு உயரம். ஓட்டுகிறாள், நிறுத்தத்தான் தெரியவில்லை. கடைக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தை ஒரு கையால் கட்டிப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் காலை ஊன்றினாள். குறிப்பேட்டை மூடிவிட்டேன். எனக்குப் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் புதுக்கோட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வந்த இயக்கம், பெண்களுக்குச் சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்துகிற தொண்டர்கள் சைக்கிளில் வந்தார்கள். அவர்களைப் பார்த்துப் படிக்க வந்தவர்களும் கேட்டார்கள். களை எடுக்கிறவர்கள், கல்குவாரியில் உடைக்கிறவர்கள், செவிலியர், ஆசிரியை என்று எல்லோரும் ஏறினார்கள். பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. 1996இல் வந்த அவருடைய ‘எவரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்’ புத்தகத்தில் இருக்கிறது. என் பிரதியில் அந்தப் பக்கங்கள் மட்டும் தைப்பு விட்டுத் தனியாக வந்துவிட்டன. 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவில் சைக்கிள் ஓட்டிக் காட்டியதாக எழுதுகிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போய், பெண்கள் ஆண்கள் வண்டியை வாங்கினார்களாம். குழந்தையை உட்காரவைக்க ஒரு பார் இருக்கிறதே என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு என்கிறார். அந்த வரியில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவேன். தமக்காகச் செய்யப்படாத ஒரு பொருளைப் பார்த்த மாத்திரத்தில், இது எனக்கு எதற்கு ஆகும் என்று அந்தத் தாய்மார்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கட்டுரையை ‘ஜஹான் பஹியா ஹை’ என்று மொழிபெயர்த்து, எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். நம் புதுக்கோட்டைப் பெண்களை வட மாநிலத்துப் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கும்.

1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். பெரியம்மா அந்த ஊர்வலத்தில் இல்லை. அன்றைக்கு அவருக்குச் சைக்கிளில் இருந்து இறங்கத் தெரியாது.

கீரமங்கலம் பக்கம் எங்கள் ஊர். பெரியம்மாவுக்கு அப்போது 41 வயது, எனக்குப் பத்து. முந்தின வருஷம் பெரியப்பாவுக்கு வலப்பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. முல்லைப் பூவை மூட்டை கட்டிக் கடைவீதிக்கு எடுத்துப் போன அவருடைய 24 இஞ்ச் சைக்கிள் தாழ்வாரத்தில் நின்றது. பெரியம்மா சும்மாடு வைத்துத் தலையில் கூடையோடு ஐந்து கிலோமீட்டர் நடந்தார். பாதி வழியில் ஒரு சுமைதாங்கிக் கல். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன யாரோ ஒருத்தி நினைவாக எந்தக் காலத்திலோ நட்டது. அதில் கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நடப்பார். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவுக்குப் பாதி விலைதான்.

அறிவொளித் தொண்டரான பக்கத்து வீட்டு அக்காதான் பழக்கிவிட்டார். வற்றிய கண்மாய்க்குள், பொழுது சாய்ந்த பிறகு. கரையில் ஆண்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். “இந்த வயசுல இது தேவையா” என்று சத்தமாகவே ஒருவர் கேட்டார். பெரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்து முழங்கை கிழிந்தது. காபித்தூளை அப்பித் துண்டைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் வந்தார். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியது நான்தான்.

பத்தே நாளில் ஓட்டப் பழகிவிட்டார். இறங்கத்தான் வரவில்லை. புடவையும் பாரும் அந்த உயரமும் சேர்ந்து பயத்தைக் கொடுத்தன. பூ காத்திருக்குமா? ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்று ஏறுவார். நடுவில் மூச்சு வாங்க வேண்டுமென்றால் அதே சுமைதாங்கிக் கல்லின் மேல்பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு, சீட்டில் இருந்தபடியே நிற்பார். கடைசியாகக் கடைவீதியில் ஒரு வேப்பமரம். இந்த மூன்று இடங்களைத் தவிர வேறெங்கும் நிற்க முடியாது. இரண்டு மாதம் அப்படியே போய் வந்தார். மொட்டு மொட்டாகவே கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒருநாள் கல்லைத் தாண்டி நேரே போய்விட்டார். கடைவீதியில் மரத்தடிக்குப் போகாமல் பூக்கடை வாசலிலேயே இறங்கினாராம். எங்களிடம் அதைச் சொல்லக்கூட இல்லை. கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எடைச் சீட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்து, “இதுல அரைக்கிலோ குறைஞ்சிருக்கே” என்றும் கேட்டிருக்கிறார். இரண்டையும் அந்தக் கண்மாய்க்குள் ஒரே கோடையில் கற்றுக்கொண்டவர்.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. வியாழக்கிழமை இரவு போன் செய்தேன். பத்திரிகைப் படத்தைப் பற்றிப் பொரிந்து தள்ளினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் போடாததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிள் கடையில் பார்த்த பிள்ளையைப் பற்றிச் சொன்னபோதுதான் பேசினார்.

“அந்தப் புள்ளைக்கு எறங்கத் தெரியுதாடி?”

“இல்ல பெரியம்மா. கம்பத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னுச்சு.”

“கம்பம் இருக்குல்ல. அப்பக் கத்துக்கும்.”