“மூச்சு உடலைங்க”

வெள்ளகோவிலில் எங்கள் தெருவில் விடிந்ததிலிருந்து இரவு வரை விசைத்தறி ஓடும். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு டியூஷன் வரும் பிள்ளைகளிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “அவன் முழுமையான ஒரு வார்த்தை இல்லை” என்று எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் இருந்தது, ‘ஹி டிட் நாட் அட்டர் எ வேர்ட்’. அகராதியைப் புரட்டியிருக்கிறாள். ‘முழுமையான’ என்று முதலில் இருந்தது. சொல், உரை, உச்சரி, வெளியிடு எல்லாம் அதற்குப் பின்னால். ஓடாத படத்தை ‘அட்டர் பிளாப்’ என்று கேட்டே வளர்ந்தவள், முதல் பொருளை எடுத்துக்கொண்டாள். அவள்மேல் தப்பில்லை. வெறும் ‘வெளியிடு’ என்று போட்டிருந்தால் அது பேச்சையா, புத்தகத்தையா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆங்கிலச் சட்டத்தில் கள்ளப் பணத்தைப் புழக்கத்தில் விடுவதற்கும் இதே ‘அட்டர்’தான்.

தறியை நிறுத்திவிட்டு மகளை அழைத்துப்போக வந்த அம்மாவிடம் கேட்டேன்: “எத்தனை கேட்டும் ஒருத்தர் பதிலே சொல்லாம நின்னா எப்படிச் சொல்லுவீங்க?”

தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “மூச்சு உடலைங்க.”

அந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த தமிழ் அது. ‘அட்டர் எ வேர்ட்’ என்ற தொடர் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘இல்லை’யோடுதான் வரும், நம் ‘மூச்சு விடலை’யும் அப்படித்தான். ‘அட்டர்’ என்பதற்கு எதிரே எந்த அகராதியிலும் இதை நான் பார்த்ததில்லை.

1960களில் அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகம் கொண்டுவந்த ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தின் உழைப்பை வணங்குகிறேன். ஆனால் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லடுக்கு போதாது, வாக்கியம் வேண்டும். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அதைச் செய்து காட்டியது. மூன்றாம் பதிப்பு 2020இல் வந்தது. அது தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் சொல்லும் அகராதி. ஆங்கிலச் சொல்லோடு வந்து நிற்கும் பிள்ளைக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறை இதைக் கையில் எடுக்க வேண்டும். ஆறு முதல் பத்து வரை ஆங்கிலப் பாடநூலில் வரும் சொற்களோடு தொடங்கினால் போதும். சொல்லுக்கு ஒரு வாக்கியம், பக்கத்தில் வீட்டில் பேசுகிற தமிழ். கொங்கில் ஒன்று, நெல்லையில் இன்னொன்று இருந்தால் இரண்டையும் போடட்டும். கேட்டு எழுத ஆசிரியர்கள் இருக்கிறோம்; சொல்லித்தரத் தறிக்கூடத்து அம்மாக்கள் இருக்கிறார்கள்.