காருக்குக் கட்டிய அறையில் மனிதர் வெந்து போகலாமா?

திருச்சியில் எங்கள் தெருவில் ஒரு வீடு. வீட்டுக்காரர் கார் வாங்கும் ஆசையில், கீழே ஒரு கார் ஷெட் கட்டினார். கார் வரவில்லை. ஷெட்டை வாடகைக்கு விட்டார். தையல் வேலை செய்யும் ஓர் அம்மாள் அதில் மிஷின் போட்டிருக்கிறார்.

மேற்கே பார்த்த வாசல். பழுப்பு நிறப் பெயிண்ட் அடித்த இரும்பு ஷட்டர். பிற்பகல் 2 மணி ஆனால் வெயில் நேரே உள்ளே விழும். துணி வெளுத்துப் போகுமே என்று அவர் ஷட்டரை முக்கால் பங்கு இறக்கி விடுவார். அப்புறம் அந்த ஷட்டரே அடுப்பு ஆகிவிடும்!

சென்ற ஆண்டு கத்திரி வெயிலில் ஒரு நாள், அவர் மிஷின் மீதே மயங்கிச் சாய்ந்து விட்டார். பக்கத்துக் கடைக்காரர் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நல்ல வேளை, பிழைத்துக் கொண்டார்.

நான் பார்க்கப் போனேன். "அக்கா, இன்னொரு மின்விசிறி வாங்கிப் போடுங்கள்" என்று யோசனை சொன்னேன்.

"இருக்கிற விசிறியே நெருப்பைத்தான் வீசுது, தம்பி" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. கல்லூரியில் படித்த நான் சொன்னது தவறு!

விசிறி காற்றைக் குளிர வைப்பது இல்லை. இருக்கிற காற்றைத் தள்ளுகிறது. அதனால் வியர்வை உலர்கிறது; உடம்பு குளிர்கிறது. ஆனால் அறையின் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டினால், விசிறி அனலைத்தான் உடம்பின் மீது வாரி இறைக்கும். அதற்கு மேல் விசிறியை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

ஆகவே, என் கருத்து இதுதான். உள்ளே வந்துவிட்ட அனலை விரட்டப் பணத்தைக் கொட்டாதீர்கள். அது கதவைத் தாண்டாமல் தடுங்கள். செலவும் குறைவு, பலனும் அதிகம்.

மூன்று இஸ்திரிப் பெட்டிகள்

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். ஷட்டரின் அகலம் 8 அடி. உயரம் 7 அடி. மொத்தம் 56 சதுர அடி. அதாவது, சுமார் 5 சதுர மீட்டர்.

கோடைக் காலப் பிற்பகலில், மேற்குப் பார்த்த சுவரில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் வெயில் விழும். ஐந்துக்கும் சேர்த்து 3,000 வாட்! ஒரு பெரிய இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். மூன்று இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றிக் கதவில் சாத்தி வைத்தது போல!

இவ்வளவும் உள்ளே வருவது இல்லை. ஒரு பங்கு வெளியிலேயே போய்விடும். ஆனால் கறுப்பு, பழுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்கள் வெயிலில் பெரும் பங்கை உறிஞ்சிக் கொள்ளும். ஷட்டரின் தகடோ மெல்லியது. அந்தப் பக்கம் பட்ட சூடு இந்தப் பக்கம் வர நேரமே ஆகாது. ஒரு மனிதரை வாட்ட அது போதாதா?

இந்த ஷெட்டின் மேலே மாடி வீடு இருக்கிறது. கூரை வழியாகச் சூடு அதிகம் இறங்காது. கதவுதான் எதிரி. உங்கள் ஷெட்டுக்குத் தகரக் கூரையோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ இருந்தால், முதலில் கூரையைக் கவனியுங்கள். பிறகு கதவுக்கு வாருங்கள்.

நாங்கள் செய்தது

முதல் வேலை, நிழல். மூங்கிலும் தென்னங்கீற்றும் கொண்டு ஒரு தட்டி கட்டினோம். வாசலுக்கு ஒரு முழம் தள்ளி, வீட்டு எல்லைக்குள்ளேயே நிறுத்தினோம். பிற்பகலில் வைப்பது, மாலையில் எடுப்பது. தட்டிக்கும் ஷட்டருக்கும் நடுவே காற்று ஓடுகிறது. வெயில் இரும்பைத் தொடுவதே இல்லை.

திருச்சி போன்ற வறண்ட ஊர்களில் தட்டி மீது ஈரச் சாக்குப் போட்டால் இன்னும் நல்லது. கடலோர ஊர்களில் அது அவ்வளவாகப் பலிக்காது. ஈரம் உலராது, புழுக்கம்தான் கூடும்.

இரண்டாவது வேலை, வெள்ளை. துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் வெள்ளை எனாமல் பெயிண்ட் அடித்தோம். புதிய வெள்ளைப் பெயிண்ட், வெயிலில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பி விடும். சுண்ணாம்பு அடிக்கலாமே என்று கேட்பீர்கள். சுவருக்கும் தளத்துக்கும் சரி. இரும்பில் அது நிற்காது, உரிந்து விடும்.

மூன்றாவது வேலை, உள்ளே ஒரு திரை. சணல் சாக்கையும் பழைய பருத்திப் புடவையையும் சேர்த்து, அந்த அம்மாளே இரட்டைத் திரை தைத்தார். ஷட்டருக்கு அரை அடி உள்ளே தள்ளிக் கம்பியில் மாட்டினோம்.

சுருட்டும் ஷட்டரில் எதையும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் சுருளாது, பாரம் ஏறி ஸ்பிரிங் கெடும். இரண்டாகத் திறக்கும் தகரக் கதவு என்றால் வேறு வழி உண்டு. உட்புறம் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே கட்டம் கட்டமாக இடம் இருக்கும். அந்த அளவுக்குத் தெர்மாகோலை வெட்டிப் பொருத்தி, மேலே பிளைவுட் பலகை அடிக்கலாம். தெர்மாகோலை விட இரும்பு ஆயிரம் மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஒரு அங்குலத் தெர்மாகோல் நல்ல காவல்காரன்!

கடைசியாக, பின்சுவரில் உயரத்தில் இருந்த வென்டிலேட்டர். யாரோ அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். திறந்து விட்டோம். மேலே சேர்ந்த சூடான காற்று வெளியே போக வழி கிடைத்தது.

எச்சரிக்கை!

தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும். கரும்புகை கக்கும். பலகை போட்டு மூடாமல் விடாதீர்கள். அடுப்பும் இஸ்திரிப் பெட்டியும் அதன் பக்கம் போகக் கூடாது. சாக்குத் திரைக்கும் இது பொருந்தும்.

பெட்ரோல் வண்டி நிற்கும் ஷெட்டில், தரையை ஒட்டிய சந்துகளை அடைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. கீழேதான் தங்கும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட விடவும் கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

செலவு யாருடையது?

எல்லாம் சேர்த்து, ஒரு ஏர்கூலர் வாங்கும் பணத்தில் பாதி கூட ஆகவில்லை. தெருப் பையன்கள் இரண்டு பேர் உதவினார்கள். அறை ஊட்டி ஆகிவிடவில்லை. ஆனால் முன்பு கை வைத்தால் சுட்ட ஷட்டரில் இப்போது கை வைக்க முடிகிறது. பிற்பகலில் நான்கு மணி நேரம் மூடிக் கிடந்த கடை, இப்போது ஒரு மணி நேரம்தான் மூடுகிறது. மூன்று மணி நேரக் கூலி அந்தக் குடும்பத்துக்குச் சின்ன விஷயமா?

வீட்டுக்காரர் முதலில், "அது குடியிருப்பவர் பாடு" என்றார். "ஷட்டர் உங்களுடையது, துரு பிடித்தால் நஷ்டமும் உங்களுடையது" என்றோம். பெயிண்டுக்குப் பணம் கொடுத்து விட்டார். மற்றச் செலவு அந்த அம்மாளுடையது. அதையும் வீட்டுக்காரரே ஏற்றிருக்க வேண்டும் என்பேன். வாடகை வாங்குகிறவர், மனிதர் இருக்கத் தக்க இடத்தைக் கொடுப்பதுதானே நியாயம்?

வெயில் கொல்லாது என்று எண்ண வேண்டாம். 2010 மே மாதம் ஆமதாபாத் நகரில் 46.8 டிகிரி வெயில் அடித்தது. அந்த மாதம் வழக்கத்தை விட ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். 2013-ல் அந்த நகரம் வெப்பத்தைச் சமாளிக்கத் தனித் திட்டமே வகுத்தது. 2017-ல் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையைத் தொடங்கியது. நம் தமிழக அரசும் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். கதவுக்கு வெள்ளை அடிக்க நாம் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்?

மோட்டார் சைக்கிளை வெயிலில் விட்டால் பெயிண்ட் மங்கும் என்று நிழல் தேடி நிறுத்துகிறோம். தகரக் கதவுக்குப் பின்னால் தைக்கிற அம்மாளுக்கும், இஸ்திரி போடுகிறவருக்கும், டியூஷன் படிக்கும் குழந்தைக்கும் அந்த நிழல் வேண்டாமா?

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில்தான் இருப்பீர்கள். மாலை 3 மணிக்கு உங்கள் ஷெட் கதவின் உட்புறத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால், அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறவரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அடுத்த ஞாயிறுக்குள் ஒரு தட்டியாவது கட்டி விடுங்கள்!