பூட்டிய நோட்டு வேண்டாம்!

முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போகிறவர்கள் கணக்கு எழுத வேண்டும். எவ்வளவு ஆழம் இறங்கினார்கள்? எத்தனை நிமிஷம் இருந்தார்கள்? எவ்வளவு நேரத்தில் மேலே வந்தார்கள்?

இது பெருமைக்கு எழுதும் கணக்கு அல்ல. உயிர்க் கணக்கு.

கரையில் நம்மை அழுத்தும் காற்று 1 பங்கு என்றால், கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2 பங்கு. 30 மீட்டரில் 4 பங்கு. சுவாசிக்கும் காற்றில் நைட்ரஜன் இருக்கிறது. அழுத்தம் கூடக்கூட அது இரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால்? சோடா பாட்டிலைத் திறந்த கதைதான்! உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலிக்கும். கை கால் விழுந்துவிடலாம். உயிரே போகலாம். மெதுவாக வந்தாலும் நைட்ரஜன் முழுவதும் உடனே வெளியேறாது. காலையில் இறங்கியவர் மாலையில் மறுபடி இறங்கினால், மிச்சத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது மணிக்கட்டில் கட்டும் சிறு கம்ப்யூட்டரே இதையெல்லாம் குறித்துக்கொள்கிறது. கரைக்கு வந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இங்கேதான் வில்லங்கம். கருவியை விற்ற கம்பெனியின் மென்பொருளில்தான் கணக்கு திறக்கும் என்றால், வேறு கருவி வாங்கியவருக்குப் பழைய கணக்கு ஒரு பக்கம், புதுக் கணக்கு ஒரு பக்கம். கம்பெனி அந்த மென்பொருளைக் கைவிட்டால் கணக்கும் போச்சு! நம் வீட்டு வரவு செலவு நோட்டை மளிகைக் கடைக்காரர் பெட்டியில் பூட்டி, சாவியையும் அவரே வைத்துக்கொண்டால் ஒப்புவோமா?

லினஸ் டோர்வால்ட்ஸ் ஒப்பவில்லை. பின்லாந்தில் பிறந்தவர், அமெரிக்காவில் வசிப்பவர். 1991-ல் லினக்ஸ் மென்பொருளைத் தொடங்கியவர் இவர்தான். கடலில் மூழ்குவதில் இவருக்கு ஆசை அதிகம். 2011-ல் லினக்ஸ் வேலை நடக்கும் கம்ப்யூட்டர்களில் விஷமிகள் புகுந்துவிட்டார்கள். வேலை தடைப்பட்டது. மனிதர் சும்மா இருப்பாரா? கடல் கணக்கு எழுத ஒரு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். விஷமிகள் செய்த ஒரே நன்மை! அதன் பெயர் ஸப்சர்ஃபேஸ். மறு ஆண்டு அவருடைய தோழர் டிர்க் ஹோண்டெல் பொறுப்பை ஏற்றார்.

இதற்குக் காசு கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கொடுக்கும்போது மூலத்தை மறைக்கக் கூடாது, அது நிபந்தனை. பல கம்பெனிக் கருவிகளின் கணக்கையும் ஒரே இடத்தில் சேர்க்கிறது. அதைச் சாதாரண எழுத்தாகவே வைக்கிறது. நாளை இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் எழுத்தைப் படித்துக்கொள்ளலாம்.

ஆனால், கருவிகளோடு பேசும் முறையைப் பல கம்பெனிகள் சொல்லவில்லை. தொண்டர்கள் ஒவ்வொரு கருவியாகத் துருவித் துருவிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இது என்ன நியாயம்? கருவிக்கு விலை வாங்கட்டும், லாபமும் பார்க்கட்டும். அதில் பதிந்த கணக்கு மூழ்கியவருடையது. அதைப் படிக்கும் முறையைக் கம்பெனிகள் வெளியிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அடுத்த முறை எப்படி இறங்குவது என்று திட்டம் போட்டுக் காட்டவும் ஸப்சர்ஃபேஸில் வசதி உண்டு. பயிற்சி பெறாதவர்கள் அதைப் பார்த்துக் கடலில் இறங்கக் கூடாது. பயிற்சி பெற்றவர்களும் துணை இல்லாமல் இறங்கக் கூடாது.