செத்த வண்டிக்கு இரண்டாவது ஓனர்

மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய கார் வாங்கப் போகிற சொந்தக்காரர்கள் என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். ஆவடியோ மடிப்பாக்கமோ, விற்கிறவர் பேச்சு மட்டும் மாறுவதே இல்லை. ‘சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி, வீட்டுக்கும் கிளினிக்குக்கும்தான் ஓடியிருக்கு.’ இந்த ஊர் டாக்டர்கள் கார் ஓட்டுவதைவிட விற்பதுதான் அதிகம் போலிருக்கிறது.

நான் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பார்ப்பேன். வெள்ளத்தில் நின்ற காரை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் உள்சுருளில் சேற்றுக்கோடு தங்கிவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கிற குழியில் வண்டல், டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூப்பு, இவையும் அதே கதையைச் சொல்லும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வேளச்சேரிப் பக்கம் கூரை வரை மூழ்கிய கார்களும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மூழ்கியவையும் எங்கே போயின என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை.

மீதி எப்படித் திரும்ப ரோட்டுக்கு வருகின்றன என்று சொல்கிறேன். காருக்கு இன்சூரன்ஸில் ஐ.டி.வி. என்று ஒரு மதிப்பு இருக்கும். பழுதுபார்க்கும் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் நாங்கள் ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதுவோம். ஐ.டி.வி. 4 லட்சம், ஒர்க்ஷாப் மதிப்பீடு 3 லட்சத்துக்கு மேல் என்றால் இன்சூரன்ஸ் கணக்கில் அந்த வண்டி செத்துவிட்டது. ஆனால் கூடு மிச்சம் இருக்கிறதே, அதை ஆன்லைனில் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் இரண்டு விலை கேட்பது வழக்கம்: ‘வித் ஆர்.சி.’, ‘வித்தவுட் ஆர்.சி.’. ஆர்.சி. புக்கோடு என்றால் விலை கூடும். வெறும் இரும்புக்காக எடுப்பவனுக்கு ஆர்.சி. எதற்கு? கூடுதல் காசு கொடுத்து அதைக் கேட்கிறவன், வண்டியை மறுபடி ரோட்டில் இறக்கி விற்கத்தான் கேட்கிறான்.

இனிமேல் ஓடவே முடியாதபடி அழிந்த வாகனத்தைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்கு ஓனர் தெரிவிக்க வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ‘பழுதுபார்க்கக் கட்டுப்படி ஆகாதது’ வேறு, ‘ஓடவே முடியாதது’ வேறு என்று வாதிட இடம் இருக்கிறது. அந்த இடுக்கு வழியாகத்தான் டோட்டல் லாஸ் கார்கள் வெளியே வருகின்றன. டிங்கரிங், பட்டி, பெயின்ட் முடிந்து, ஏர்பேக் இருந்த இடத்தில் வெறும் மூடியைப் பொருத்தி, எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க ஒரு ரெசிஸ்டரையும் சொருகி, பளபளவென்று மார்க்கெட்டுக்கு வந்துவிடும்.

வாங்குகிறவர் இதையெல்லாம் எந்த ஆவணத்தில் கண்டுபிடிப்பது? எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் பதிவுத் தேதி, எரிபொருள், இன்சூரன்ஸும் புகைச் சான்றும் எதுவரை செல்லும், கடன் நிலுவை இருக்கிறதா என்பவை வரும். நல்லதுதான். ஆனால் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் ஒரு வரி கிடையாது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் யாரும் பார்ப்பதில்லை. சொந்த உபயோகத்துக்கான காருக்குப் பதிவு 15 வருடம் செல்லும். அதுவரை எந்த அதிகாரியும் பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டியதில்லை. வாடகைக் காருக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று உண்டு: புது வண்டிக்கு முதலில் இரண்டு வருடம், அப்புறம் குறிப்பிட்ட இடைவெளியில். ‘மஞ்சள் போர்டு வண்டி, தொடாதே’ என்று நம் ஆட்கள் எச்சரிக்கிறார்கள். அந்த டாக்டர் வண்டியைவிட அதிகம் சோதிக்கப்பட்டது அந்த மஞ்சள் போர்டுதான்!

சோதனை விவரத்தை யாரும் பார்க்க முடிகிற நாடும் உண்டு. என் மச்சினன் மகன் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறான். போன வருடம் சின்ன பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்துவிட்டு, ‘மாமா, இது எப்படின்னு பாருங்க’ என்று நம்பரை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பினான். மாம்பலத்தில் உட்கார்ந்தபடி அந்த நாட்டு அரசு இணையதளத்தில் நம்பரைப் போட்டேன். ஓ.டி.பி. கேட்கவில்லை, கட்டணம் கேட்கவில்லை. அந்தக் கார் முதல் சோதனைக்குப் போன நாளிலிருந்து எல்லாம் வந்து விழுந்தது.

அங்கே இந்த வருடாந்திர சோதனைக்கு எம்.ஓ.டி. என்று பெயர். 1960இல் பத்து வருடம் ஆன வண்டிகளுக்கு என்று ஆரம்பித்து, 1967இல் மூன்று வருடம் ஆனாலே கட்டாயம் என்றாக்கினார்கள். 2005 முதல் நடந்த சோதனைகளின் முடிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேதி, பாஸா ஃபெயிலா, அன்றைக்கு மீட்டர் காட்டிய மைல், எதனால் ஃபெயில், அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்ற அறிவுரை, எல்லாம் உண்டு. ஓனர் யார் என்பது மட்டும் இல்லை. வண்டி விவரத்தைத் திறந்தால் அந்தரங்கம் போய்விடும் என்று இங்கே முனகுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பையன் ‘பாஸ் ஆகியிருக்கே மாமா’ என்று சந்தோஷப்பட்டான். நான் அறிவுரைப் பகுதியைப் படிக்கச் சொன்னேன். பின் பிரேக் பைப்பில் துரு என்று ஒரு வருடம் எழுதியிருந்தது. அடுத்த வருடமும் அதே வரி. அதற்கடுத்த வருடம் அதே காரணத்தால் ஃபெயில், சில நாளில் மறு சோதனையில் பாஸ். சொல்லியும் செய்யாமல், மாட்டிக்கொண்ட பிறகு மட்டும் செலவு செய்கிற ஓனர். அப்படிப்பட்டவர் ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் எதையும் எம்.ஓ.டி.யில் பார்ப்பதில்லை, அதனால் ஓனரின் குணத்தை இப்படி ஊகித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் அந்தக் காரை விட்டுவிட்டான்.

மீட்டர் விஷயம் இன்னும் முக்கியம். இங்கே லேப்டாப்பைச் சொருகி ஒரு லட்சத்து இருபதாயிரத்தை நாற்பத்தைந்தாயிரம் ஆக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அங்கேயும் அந்தக் கருவி கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு வருடமும் மைல் பொதுவில் பதிவாவதால், குறைத்தால் அடுத்த வரியிலேயே பல்லிளிக்கும். முதல் சோதனைக்கு முந்தைய மூன்று வருடத்தில் வேண்டுமானால் விளையாடலாம்.

இங்கேயும் வருடா வருடம் சோதனை வையுங்கள் என்று நான் உடனே கேட்கவில்லை. முத்திரை குத்துவதையே சோதனை என்று நினைக்கிற வழக்கம் நமக்கு உண்டு. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்துபோனாள். அந்தப் பேருந்துக்கு எஃப்.சி. இருந்தது. எதைப் பார்த்தார்கள், எதை எழுதினார்கள் என்று பெற்றோர் யாரும் முன்கூட்டிப் படித்திருக்க வழியில்லை. ‘தகுதி உண்டு’ என்ற ஒற்றை வார்த்தையை மட்டும் வெளியே காட்டினால், உள்ளே என்ன நடந்தது என்று கேள்வி கேட்க ஆளே இருக்காது.

அதனால் புதிதாகச் சோதனை நிலையம் கட்டுவதற்கு முன்னால், ஏற்கெனவே யார் யாரிடமோ இருக்கிற தகவலைத் திறக்கட்டும். புகைச் சான்று வாங்கக் கார் நேரில் போகத்தான் வேண்டும். அப்போதே மீட்டர் எண்ணைப் பதிந்து, வாகனப் பதிவு விவரங்கள் இருக்கும் வாஹன் தளத்தில் ஏற்றலாம். இன்சூரன்ஸ் காலாவதியாகிப் புதுப்பிக்கும்போது மீட்டர், சேஸிஸ் நம்பர் உட்பட போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் படம் கம்பெனி கம்ப்யூட்டரில் தூங்குகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பழைய கார் வியாபாரி அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி தன் கைக்கு வந்ததைப் போர்ட்டலில் தெரிவிக்க வேண்டும். அவ்வளவு தூரம் விதி எழுதியவர்கள் வண்டியின் பழைய க்ளெய்மையும் சொல்லச் சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதலில் வர வேண்டியது டோட்டல் லாஸ் குறிப்பு. பிரிட்டனில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் கைவிட்ட கார்களுக்கு ஏ, பி, எஸ், என் என்று வகை குறிக்கிறார்கள். ஏ, பி இரண்டும் திரும்ப ரோட்டுக்கு வரவே கூடாது. எஸ் என்றால் சட்டகத்தில் அடி, என் என்றால் சட்டகத்தில் அடியில்லை. இரண்டையும் சரிசெய்து ஓட்டலாம், ஆனால் அந்த எழுத்து கூடவே வரும். நம்மூரில் டோட்டல் லாஸ் பட்டியல் ஒவ்வொரு கம்பெனியிடமும் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன். அதை வாஹனில் சேர்த்தால் கூட்டின் ஏல விலை சரியும், கம்பெனிக்குக் கொஞ்சம் நஷ்டம் வரும். இதைத் தவிர வேறு தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதுவரை, வாங்குகிறவர்கள் விற்பவரின் பழைய பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். அதில் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ சதவீதம் இருக்கும். ஐந்தாறு வருடமாக ஒரே ஓனரிடம், க்ளெய்ம் வாங்காமல், இன்சூரன்ஸ் விடாமல் கட்டிய காருக்கு அது 50ஐத் தொட்டிருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் முந்தைய வருடம் எதற்கோ க்ளெய்ம் வாங்கியிருக்கிறார். எதற்கு என்று கேளுங்கள். பிறகு விற்பவரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரியைப் பிரின்ட் எடுக்கச் சொல்லுங்கள். தேதிவாரியாகக் கிலோமீட்டர் அதில் இருக்கும். ‘அதெல்லாம் எதுக்கு சார், வண்டியை ஓட்டிப் பாருங்க’ என்று அவர் சொன்னால், ஓட்டிப் பார்க்க வேண்டாம்.