பெயர் தெரியாமலே அழிக்கிறோம்

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முன்பாக எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டம் 'சுத்தம்' செய்யப்பட்டது. பொக்லைன் எந்திரம் ஒன்று ஒரே முற்பகலில் வேலையை முடித்தது. சூரையும் காரையும் சங்கஞ்செடியும் பிரண்டைக் கொடியும் பின்னிக் கிடந்த அரை ஏக்கர் புதர் வேரோடு புரட்டப்பட்டது. நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கி வந்த அலங்கார மரக்கன்றுகளை அவ்விடத்தில் நட்டோம். 'படைப்பைப் பாதுகாப்போம்' என்ற பதாகையின் கீழ் நின்று நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். பங்குப் பேரவையில் இத்தீர்மானத்திற்குக் கை உயர்த்தியவர்களுள் நானும் ஒருவன். ஆகவே பிறரைக் குற்றம் சாட்டும் தகுதி எனக்கில்லை. என்னையும் சேர்த்தே கேட்கிறேன்: நாம் அழித்தது எதை என்று நம்மில் ஒருவருக்கேனும் தெரியுமா?

தொடக்க நூலில் மனிதனுக்குக் கடவுள் தந்த முதற்பணிகளுள் ஒன்று உயிர்களுக்குப் பெயரிடுவது. பெயரிட வேண்டுமாயின் அருகில் சென்று பார்க்க வேண்டும்; ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய வேண்டும். நம் ஆண்டவரும் வயல்வெளி மலர்களைப் போகிற போக்கில் சுட்டவில்லை. அவற்றை உற்றுநோக்கச் சொன்னார். நாமோ உற்றுநோக்குவதை விட்டுவிட்டு, நடுவதையும் வெட்டுவதையும் மட்டும் கைக்கொண்டோம்.

இத்தனைக்கும் கணக்கெடுக்கும் மரபு நமக்குப் புதிதன்று. 1895இல் தொடங்கப்பட்ட செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியின் இயேசு சபைத் துறவியர் பழனி மலையின் செடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் பல்லாண்டுகள் தேடித் தேடிச் சேர்த்தனர். அருட்தந்தை ஆங்கிலேடு மலைத் தாவரங்களை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். அருட்தந்தை ஃபோரோ பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் பாசியினங்களை ஆராய்ந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் உருவான ராப்பினாட் உலர்தாவரகத்தை வளர்த்த அருட்தந்தை கே.எம். மத்தேயு, 1999இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றி மூன்று பாகங்கள் கொண்ட நூலை வெளியிட்டார். அவர்கள் செபமாலையையும் உருப்பெருக்கியையும் ஒரே கையில் ஏந்தியவர்கள். அவர்களுடைய வாரிசுகளாகிய நாம் பங்குக் கோயிலைச் சுற்றியுள்ள பத்துச் செடிகளின் பெயரைச் சொல்லத் திணறுகிறோம்.

"மரம் நடுகிறோமே, போதாதா?" என்பர் சிலர். போதாது, அறியாமல் நட்டால் தீமையும் விளையும். பழனி மலையின் உச்சியில் சோலைக் காடுகளுக்கிடையே விரிந்து கிடந்த புல்வெளிகளைச் சென்ற நூற்றாண்டில் வெற்று நிலம் என்று எண்ணி, சீகை மரத்தையும் தைல மரத்தையும் பைன் மரத்தையும் நட்டனர். மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடைக்கு அளித்தவை அப்புல்வெளிகளே. 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலைப் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மறைந்துபோனதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று 2018இல் எடுத்துரைத்தது. அதே கண்மூடித்தனத்தையே நாம் அரை ஏக்கரில் செய்தோம்.

முட்புதரை நாம் இழிவாகக் கருதுகிறோம். ஆனால் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் அத்தகைய வறண்ட காடுகளில் வாழும் தேவாங்கிற்காகவே 2022இல் கடவூர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. புதரெல்லாம் புனிதம் என்று நான் வாதிடவில்லை. சீமைக் கருவேலத்தை அகற்றத்தான் வேண்டும். எதை அகற்றுவது, எதைக் காப்பது என்று தெரிய வேண்டுமாயின் முதலில் கணக்கெடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

"ஏழைகள் பசித்திருக்கப் புல்லையும் பூச்சியையும் எண்ணுவதா?" என்பது மற்றொரு கேள்வி. நேர்மையான கேள்விதான். ஆனால் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். குன்றுகளும் சுனைகளும் ஏரிகளும் நிறைந்த அப்பகுதி, அங்கு வாழும் ஏறத்தாழ 250 பறவையினங்களின் பதிவோடு, 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்திற்கான ஏலம் நடந்தது 2024இல் தெரிய வந்தபோது சுற்றுவட்டாரக் கிராமங்கள் கொதித்தெழுந்தன. 2025 சனவரியில் ஏலம் இரத்தாயிற்று. வென்றது மக்களின் போராட்டமே. எனினும், 'இங்கு என்ன இருக்கிறது?' என்று கேட்டவர்களுக்குக் காட்ட அவர்கள் கையில் ஒரு பதிவு இருந்தது. நிலத்தை நம்பி வாழும் ஏழைக்கு அந்நிலத்தில் உள்ளதைப் பற்றிய பதிவு ஆடம்பரமன்று, அது சாட்சியம்.

"இது இயற்கை வழிபாடு" என்று அஞ்சுவோருக்குத் திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' மடலே விடை. காளானையும் புழுவையும் பூச்சியையும்கூட அவர் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். நம்மால் அற்றுப்போகும் உயிரினங்கள் தம் இருப்பால் கடவுளை இனி மாட்சிப்படுத்த இயலாமற் போகும் என்றும், அதற்கு நமக்கு உரிமை இல்லை என்றும் உரைக்கிறார்.

நான் கேட்பது பெரிதன்று. பங்கு நிலத்தில் எந்தப் புதரையும் அழிக்குமுன், எந்தக் கன்றையும் நடுமுன், ஓராண்டு முழுவதும் அந்நிலத்தைக் கணக்கெடுப்போம். ஓராண்டு ஏனெனில், கோடையில் காய்ந்து மறைவது மழையில் முளைக்கும். பூக்கும் காலத்தில்தான் பல செடிகளை இனங்காண முடியும். அன்பியத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளலாம். ஊர்ப் பாட்டிமாருக்குத் தெரிந்த பெயர்களை மறைக்கல்வி மாணவர் எழுதட்டும். அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் ஆசிரியர் சரிபார்க்கட்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகள் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். நம் கணக்கின் படியொன்றை அதில் சேர்க்கக் கொடுப்போம்.

பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேடு உண்டு. இறப்புப் பதிவேடும் உண்டு. பெயரில்லாமல் யாரையும் நாம் அடக்கம் செய்வதில்லை. ஆனால் நம் முன்னோரின் கல்லறைகளுக்கு அருகிலேயே, அவர்களைச் சுற்றி முளைத்திருந்தவற்றைப் பெயர்கூடக் கேளாமல் புதைத்துவிட்டோம். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இன்னொரு நிலத்தைச் 'சுத்தம்' செய்யும் தீர்மானம் வரும். அன்று கை உயர்த்துமுன் எழுந்து நின்று, "அங்கே என்னென்ன இருக்கின்றன?" என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கையை உயர்த்தாதீர்கள்.