மாநாடு மாட்டுக் கொட்டகையில் நடக்கட்டும்



போன சித்திரையில் எங்கள் வீட்டுச் செவலை மாடு செத்துப்போச்சு. மூன்று ஈத்து போட்ட மாடு. பத்துப் பன்னிரண்டு நாளாகவே சரியாக அசை போடவில்லை. பால் பாதியாகக் குறைந்தது. இடது பக்க வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. வெறும் உப்புசம்தான் என்று வெற்றிலை, மிளகு, இஞ்சி என்று கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்நடை மருத்துவரைக் கூப்பிடும்போது காலம் கடந்துவிட்டது.

புதைப்பதற்கு முன் அவர் வயிற்றைக் கிழித்துக் காட்டினார். தலையணை அளவுக்கு ஒரு உருண்டை. பாலித்தீன் கவர், நைலான் கயிறு, சாக்கு நூல் எல்லாம் முறுக்கிக்கொண்டு கல் மாதிரி கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கவர் எட்டிப் பார்த்தது. என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இது நம்ம பேத்தி காதுகுத்துக்குத் துணி எடுத்த கவர் மாதிரி இருக்குதே" என்றார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. விசேஷம் முடிந்த ராத்திரி, மீந்த சோற்றை அந்தக் கவரில் கட்டித் தெருமுனையில் வீசியது நான்தான். ஆறு வருஷமாக ரசாயன உரம் போடாத இயற்கை விவசாயி நான்!

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், விலங்கு நலம், இயற்கைப் பாதுகாப்பு என்று அடிக்கடி மாநாடுகள் நடக்கின்றன. 2007ல் நம் சென்னையிலேயே 'ஆசியா ஃபார் அனிமல்ஸ்' மாநாடு நடந்தது. ப்ளூ கிராஸ் அமைப்பு முன்னின்று நடத்தியது. அப்போது நான் வங்கி வேலையில் இருந்தேன். செய்தியைப் பார்த்துவிட்டு, 'இது நாய், பூனை வளர்க்கிறவங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டினேன். நம்மில் பலரும் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறோம். அது தப்பு. விலங்கு நலமும் இயற்கைப் பாதுகாப்பும் சந்திக்கிற இடம் நம்ம மாட்டுக் கொட்டகைதான். அங்கே நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பேசாத மாநாடு பாதி மாநாடு.

செவலை மட்டும் இல்லை

2019 அக்டோபரில் நம் மாவட்டத்துத் திருமுல்லைவாயிலில் இருந்து ஒரு பசுவைச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். வலி தாங்காமல் வயிற்றைக் காலால் உதைத்துக்கொண்டிருந்த மாடு. ஐந்து மணி நேரத்துக்கு மேல் அறுவை சிகிச்சை செய்து மருத்துவர்கள் வெளியே எடுத்த பிளாஸ்டிக் 52 கிலோ. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கிற்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. தடை வந்த பத்தாவது மாதத்தில்தான் இது நடந்தது. புட்டபர்த்தியைச் சேர்ந்த கருணா சொசைட்டி என்ற அமைப்பு, மாடுகள் பிளாஸ்டிக் தின்று சாவதற்காகவே 2012ல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

மாடு ஏன் கவரைத் தின்கிறது? அது நாக்கால் சுருட்டி இழுத்து, மெல்லாமல் விழுங்கிவிட்டுப் பிறகு சாவகாசமாக அசை போடுகிற ஜீவன். உப்பும் புளிப்பும் ஒட்டிய கவரைப் பிரித்துப் பார்த்துத் தின்ன அதற்குக் கை இல்லை. முதல் வயிற்றிலிருந்து அடுத்ததற்கு நன்றாக அரைபட்டதுதான் நகரும். கவர் அரைபடாது. வாந்தியாகவும் வராது. வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். தீவனத்துக்கு இடம் இருக்காது. வயிறு நிறைந்திருக்க, மாடு பட்டினியால் மெலியும்.

சிப்காட் பக்கம் இருக்கிற நமக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பித் துண்டு, ஆணி, இரும்புச் சுருள். இவை இரண்டாவது வயிற்றில் போய்த் தங்கும். அதற்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய உதரவிதானம்தான். சினை மாடு கன்று போடும்போது முக்கினால் போதும், கம்பி இதயத்தைக் குத்திவிடும். திரும்பத் திரும்ப உப்புசம், முன்னங்கால் முட்டியை அகட்டி நிற்பது, தாடைக்குக் கீழேயோ நெஞ்சுப் பக்கமோ வீக்கம் என்று பார்த்தால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். என்னைப் போல் ஏமாறாதீர்கள்.

கணக்கில் வராத மேய்ச்சல்

1980களில் ஐ.ஆர்.டி.பி. திட்டத்தில் கறவை மாட்டுக் கடன் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். மனுவில் மாட்டு விலை இருக்கும், கொட்டகை இருக்கும், காப்பீடு இருக்கும், பிண்ணாக்கு, தவிடு இருக்கும். மேய்ச்சலுக்குக் கட்டமே கிடையாது. செலவு இல்லை என்பதால் எழுதவில்லை. செலவு இல்லாதது கணக்கில் வராது. கணக்கில் வராதது காணாமல் போனாலும் ஒருவருக்கும் தெரியாது. இத்தனை மாட்டுக்கு அந்த ஊரில் புல் எங்கே இருக்கிறது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் அந்தப் புல் எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். ஜி.என்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் மனைப்பிரிவுக் கல், கிடங்கு, காம்பவுண்டுச் சுவர். மேய்க்கால் புறம்போக்கில் மிச்சம் இருப்பது குப்பைமேடு. "மாட்டைக் கட்டிப்போட்டு வளர்க்க வேண்டியதுதானே, அவிழ்த்துவிட்டால் அபராதம் போடு" என்கிறார்கள். எனக்கு நாலு ஏக்கர் இருக்கிறது, தீவனப்புல் போட்டுக் கட்டி வளர்ப்பேன். ஒரு சென்ட் நிலம் இல்லாமல் இரண்டு மாட்டை வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற அம்மா எங்கே போவார்?

அந்த மாட்டின் பின்னால் நடந்து பூச்சி பொறுக்குகிற உண்ணிக்கொக்கையும் பாருங்கள். புல் இருந்தபோது புல்லில் நடந்தது. இப்போது குப்பையில் நடக்கிறது. மழைக்காலத்தில் அதே கவர்கள் ஓடை வழியாக ஆரணியாற்றில் இறங்கி, பூநாரை வருகிற பழவேற்காடு ஏரிக்குப் போகின்றன. மாட்டுக்கு 1960ஆம் வருஷத்து வதைத்தடுப்புச் சட்டம், பறவைக்கு 1972ஆம் வருஷத்து வன உயிர்ச் சட்டம். சட்டம்தான் இரண்டு. குப்பை ஒன்றுதான்.

கழுகு சொன்ன பாடம்

மாட்டுக்குள் போவது மாட்டோடு நிற்காது என்பதற்குப் பெரிய சாட்சி பாறுக் கழுகு. வலிக்காக மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004ல் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடிப்பதற்குள் இந்தியாவின் பாறுக் கழுகுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. 2006ல் கால்நடைக்கு அந்த மருந்து தடை ஆனது. 2023ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் தடை ஆயின. தமிழ்நாட்டில் மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் இன்று கழுகுகள் மிஞ்சியிருக்கின்றன. கழுகைக் கொன்றவன் வேட்டைக்காரன் இல்லை. மாட்டின் வலி தீரட்டும் என்று நல்ல எண்ணத்தில் ஊசி போட்டவன். நானும் நல்ல எண்ணத்தில்தான் சோற்றைக் கட்டிப் போட்டேன்.

நாம் செய்யக்கூடியது

ஜீவாமிர்தத்துக்குப் பத்து கிலோ சாணி, பஞ்சகவ்யத்துக்குப் பால், தயிர், நெய் என்று மாட்டிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். மாட்டுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

முதலாவது, நம் வீட்டு மிச்ச உணவைக் கவரில் கட்டி வீசுவதில்லை என்று ஒவ்வொருவரும் முடிவெடுக்கணும். நம் அமைப்புக் கூட்டங்களில் சாப்பாடு வாழை இலையிலும் மந்தாரை இலையிலும்தான்.

இரண்டாவது, கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேட்டு, ஊரில் மேய்க்கால் புறம்போக்கு எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். கிராம சபையில் அதை வாசித்துத் தீர்மானம் போடுங்கள். ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

மூன்றாவது, தொழிற்சாலைகளிடம் கேட்பது. வருஷத்துக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் பார்க்கிற கம்பெனி, 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். மாடு நுழையாதபடி வேலி போட்ட குப்பை பிரிக்கும் இடம் ஒவ்வொரு ஊராட்சிக்கும் வேண்டும் என்று மனு கொடுப்போம். கேன்டீன் மிச்சத்தைக் கவரோடு கொட்டாமல் தனியாகக் கொடுக்கச் சொல்லுவோம். இது பிச்சை இல்லை.

நாலாவது, மாட்டுக்கு வலி ஊசி போடும்போது, "மெலாக்சிகாம் போடுங்க டாக்டர்" என்று சொல்லிப் பழகுங்கள். கழுகுக்குக் கெடுதல் செய்யாத மருந்து அது.

அடுத்த விலங்கு நல மாநாட்டை யாராவது நடத்துவதாக இருந்தால், எங்கள் கொட்டகைக்கு வாங்க. கால்நடை மருத்துவர், தூய்மைப் பணியாளர், மாடு மேய்க்கிற அம்மா, ஃபேக்டரி கேன்டீன்காரர், பழவேற்காட்டு மீனவர் எல்லாரையும் உட்கார வைப்போம். செவலையின் வயிற்றிலிருந்து எடுத்த உருண்டையை நான் புதைக்கவில்லை. கழுவிக் காயவைத்துக் கொட்டகை மூலையில் வைத்திருக்கிறேன். அதை நடுவில் வைத்துப் பேசலாம்.