லண்டனில் இருந்தால் பாரம்பரியம், நம் ஊரில் இருந்தால் அசிங்கமா?

 கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டுத் திட்டாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன மாதம் என் தம்பி மகன் லண்டனிலிருந்து ஒரு படம் போட்டான். ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் 'யே ஓல்ட் செஷைர் சீஸ்' என்று ஒரு பப். 1666-ல் லண்டன் நகரமே தீப்பிடித்து எரிந்ததே, அதற்கு மறு வருஷம் திரும்பக் கட்டிய கட்டடம். தாழ்ந்த கூரை, கருத்துப்போன மரப்பலகை, கையில் நுரை தளும்ப ஒரு கிளாஸ் பியர், முன்னால் தட்டு நிறைய மீன் வறுவலும் உருளைக்கிழங்கும். சொந்தபந்தம் அத்தனை பேரும் இதயம் போட்டீர்கள். 'செம்ம மாப்ளே', 'வரலாற்றுச் சிறப்புமிக்க இடம்' என்றெல்லாம் எழுதினீர்கள். நானும் லைக் போட்டேன். புள்ளை சந்தோஷமாக இருக்கிறான், அதுதானே வேண்டும்.

போன வாரம் நான் ஒரு படம் போட்டேன். மகளும் மாப்பிள்ளையும் ஆலப்புழைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். குட்டநாட்டில் வாய்க்கால் ஓரமாக ஒரு கள்ளு ஷாப்பு. மர பெஞ்சு, தாழ்ந்த கூரை, தட்டு நிறைய கப்பக்கிழங்கும் மீன்கறியும். என் முன்னால் ஒரு கிளாஸ். அவ்வளவுதான். 'டீச்சர், அக்கவுண்ட் ஹேக் ஆயிருச்சா?' என்று ஒருவன் கேட்கிறான். இன்று போலீஸ் உத்தியோகத்தில் இருக்கும் இன்னொருவன் இன்பாக்ஸில் வந்து, 'நீங்க எங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக்குடுத்தவங்க டீச்சர்' என்று வருத்தப்படுகிறான். தம்பி போனில், 'அக்கா, பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம், அந்தப் படத்தை மொதல்ல எடுத்துரு' என்கிறான்.

எடுக்க மாட்டேன். அந்த கிளாஸில் இருந்தது தென்னங்கள்தான். அரை கிளாஸ் குடித்தேன். புளிப்பு. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது என்று பொய் சொல்ல மாட்டேன், மீன்கறிதான் பிடித்தது. என் கேள்வி வேறு. அந்தப் படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு யாராவது விளக்குங்கள். இரண்டிலும் பெஞ்சு, இரண்டிலும் சாப்பாடு, இரண்டிலும் புளித்த ஒரு பானம். அவர்கள் பார்லியைப் புளிக்க வைக்கிறார்கள், நாம் பாளையைச் சீவுகிறோம்.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மாச்சி சாக்கனாக் கடை வைத்திருந்தாள். 1981-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் கள்ளுக்கடைகளைத் திறந்தார்கள். நம் அலங்காநல்லூருக்கு வெளியே, தோப்பை ஒட்டி ஒரு கூரைக் கொட்டகை. அதன் வாசலில் இரண்டு அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி, அதுதான் அம்மாச்சி கடை. நான் ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு எம்ப்ளாய்மென்ட்டில் பதிந்து, கார்டு வரும் வரும் என்று காத்திருந்த வருஷங்கள் அவை. வீட்டிலிருந்து மசாலா அரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அந்த அம்மியில் தேய்ந்த கைதான் பிறகு உங்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டது.

மொச்சைச் சுண்டல், குடல் வறுவல், ரத்தப் பொரியல் தினமும் உண்டு. கண்மாய் அழிந்தால் அயிரைக் குழம்பு. மழைக்காலத்தில் வயல் நண்டு. நண்டை நசுக்கி மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்க விடுவாள், கள் குடிக்காதவர்களும் தூக்குவாளி கொண்டுவந்து வாங்கிப் போவார்கள். இலையில்தான் தருவாள். வெறும் வயிற்றோடு உள்ளே போகிறவனைப் பார்த்தால் விட மாட்டாள். 'அடேய், மொதல்ல ரெண்டு வாய் தின்னுட்டுப் போ, காசு நாளைக்குக் குடு.' கணக்கெல்லாம் சுவரில் கரிக்கோடு.

அந்தப் பெஞ்சுகளில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும், அடுப்படியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வாடிவாசலில் யார் மாடு நின்று விளையாடியது, யார் மாடு பிடிபட்டது, பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் எப்போது விடுவார்கள், கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்ததா. மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவார்கள். இரண்டு சம்பந்தம் அங்கே பேசி முடிந்ததாக அம்மாச்சி சொல்வாள். இருட்டிக் கொஞ்ச நேரத்தில் கொட்டகை காலியாகிவிடும். காரணம் ஒழுக்கம் எல்லாம் இல்லை. கள் தீர்ந்துபோகும். இறக்கியது அன்றைக்குக் குடிக்க, வைத்திருந்தால் அடுத்த நாள் காடியாகப் புளித்துவிடும். கிட்டங்கியில் அடுக்கிவைக்க முடியாத சரக்கு அது.

சும்மா பெருமை பேசிவிட்டுப் போனால் நான் உங்கள் டீச்சர் இல்லை. அந்தக் கொட்டகையில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை. சிலருக்குக் கிளாஸ், சிலருக்குக் கொட்டாங்குச்சி. வெளியே மரத்தடியில் குந்தித்தான் அவர்கள் குடித்தார்கள். அம்மாச்சியும் அதை ஒரு நாளும் தட்டிக் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. கள் குடித்துவிட்டுப் போய் பெண்டாட்டியை அடித்தவனும் இருந்தான். என் சின்னம்மா வீட்டிலேயே இருந்தான், பெயர் சொன்னால் பெரியவர்களுக்குத் தெரியும். பெண்களுக்கு அங்கே இடமே இல்லை, அடுப்பு ஊதுகிற இடத்தைத் தவிர. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஆனால் ஒன்று. கூலி வாங்கிய கையோடு வருகிறவனை அம்மாச்சி வாசலிலேயே நிறுத்துவாள். 'வீட்டுல அரிசிக்குக் குடுத்தியா?' என்பாள். இரண்டு கலயத்துக்கு மேல் கேட்டால் உள்ளே பார்த்துத் தலையை ஆட்டுவாள், கடைக்காரர் ஊற்ற மாட்டார். ஏனென்றால் குடிக்கிறவனின் அம்மாவை அவளுக்குத் தெரியும், பெண்டாட்டியைத் தெரியும், மறுநாள் காலையில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். அந்தக் கடையில் குடித்த ஒவ்வொருவனும் நாலு பேர் பார்க்கக் குடித்தான்.

1987 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து கள்ளுக்கடையை மூடினார்கள், சாராயக்கடையையும் சேர்த்து. கள்ளில் கலப்படம் என்றார்கள். நடந்தது, மறுக்கவில்லை. குளோரல் ஹைட்ரேட் கலந்து விற்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் சொல்கிறேன், காப்பி அடிக்கிறார்கள் என்பதற்காகப் பரீட்சையை யாரும் நிறுத்துவதில்லை. அறைக்கு ஒரு கண்காணிப்பாளரைப் போடுவோம், பிடிபட்டவனை வெளியேற்றுவோம்.

சரி, மூடினார்கள். குடி நின்றதா? 1983-ல் மதுபானங்களை மொத்தமாக விற்கத் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. இப்போது வருஷத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். நாட்டில் மது கூடாது என்று சொன்ன அதே அரசு கம்பி வலைக்குள்ளிருந்து குவாட்டரை நீட்டுகிறது. பாட்டிலை விற்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை. வரிசையில் நிற்பவன் சாப்பிட்டானா, எத்தனையாவது பாட்டில், வீட்டில் அரிசி இருக்கிறதா, கேட்பதற்கு அங்கே ஒரு கிழவி இல்லை.

நாலாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம், நோட்டை எடுங்கள். ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் சாராயச் சத்து 42.8 சதவீதம் என்று லேபிளிலேயே இருக்கிறது. பெருக்கினால் ஏறக்குறைய 77 மில்லி. கள்ளில் அந்தச் சத்து நேரத்தைப் பொறுத்து ஏறும் இறங்கும், சுமாராக 5 சதவீதம் வையுங்கள். அப்படியானால் 77 மில்லி உள்ளே போக எவ்வளவு கள் குடிக்க வேண்டும்? ஒன்றரை லிட்டர். ஒன்றரை லிட்டர் கள் குடிக்க ஒருவன் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும், நடுவே ஏதாவது தின்ன வேண்டும், நாலு பேச்சுப் பேச வேண்டும். குவாட்டரைச் சாலையோரம் நின்றபடி பத்தே நிமிஷத்தில் முடித்துவிடலாம்.

நின்றபடி என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? என்னிடம் நாலாம் வகுப்பு படித்த ஒரு பையன். பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்வான். கரும்பு வெட்டப் போனான், பிறகு ஆலை நின்றது, கிடைத்த வேலைக்குப் போனான். நாற்பத்தொரு வயதில் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். பார்க்கப் போனேன். 'ஏம்ப்பா இப்படிப் பண்ணிக்கிட்ட?' என்று கேட்டதற்கு அவன் சொன்னது: 'உக்காந்து குடிக்க எடம் இல்ல டீச்சர். வீட்டுக்குக் கொண்டு போனா புள்ளைக பாக்கும். அதான் மரத்துக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே தண்ணி கூட ஊத்தாம ஊத்திக்கிருவேன்.' பதினெட்டு நாள் கழித்து மாலை வாங்கிக்கொண்டு போனேன். உங்களில் சிலர் அன்று வந்திருந்தீர்கள்.

அவன் கள் குடித்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது, டாக்டருக்கே தெரியாது. நாலு பேர் பார்க்க, தட்டில் ஒரு சோறு வைத்து, உட்கார்ந்து குடிக்க அவனுக்கு ஒரு இடம் இல்லாமல் போனது. அதைத்தான் சொல்கிறேன்.

உட்கார பார் இருக்கிறதே என்பீர்கள். நான் வாசலோடு பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஒரு கீற்று மாங்காய், ஒரு துளி ஊறுகாய். அதைச் சாப்பாடு என்று சொன்னால் அம்மாச்சி கரண்டியை எடுத்துக்கொண்டு வருவாள். வசதி உள்ளவனுக்கு நட்சத்திர ஓட்டலில் குளிரூட்டிய அறையும் சமையல்காரரும் உண்டு, அதை நாம் யாரும் தப்பு சொல்வதில்லை. கூலிக்காரனுக்கு மட்டும்தான் மரத்தடி. அதுவும் கிடைக்காத இடத்தில் கள்ளச்சாராயம் புகுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த பாக்கெட்டைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்களே, ஒரே தெருவில் எத்தனை பந்தல் போட்டிருந்தார்கள் என்று டிவியில் பார்த்தோமே.

கேரளாவைப் பாருங்கள். பொள்ளாச்சியைத் தாண்டி சித்தூர் தாலுகாவுக்குள் போனால் அதே தென்னை, அதே வெயில். அங்கே பாளை சீவினால் தொழில், இங்கே சீவினால் கேஸ். கள் இறக்குகிறவர்களுக்கு அங்கே 1969-லேயே நலநிதிச் சட்டம் போட்டுவிட்டார்கள். எர்ணாகுளம் பக்கம் உதயம்பேரூரில் முல்லப்பந்தல் என்று ஒரு ஷாப்பு இருக்கிறது, சாப்பாட்டுக்காகவே தேடிப் போகிறவர்கள் ஏராளம். நாங்கள் போனது அவ்வளவு பேர்பெற்ற இடம் இல்லை. ஆனாலும் பக்கத்து மேசையில் ஒரு அம்மாவும் மகனும், எதிரே கல்லூரிப் பெண்கள் நாலு பேர் தாராவுக் கறி தின்றுகொண்டிருந்தார்கள், கள்ளைத் தொடக்கூட இல்லை. ஒருத்தரும் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. அங்கேயும் கலப்படப் புகார் வரத்தான் செய்கிறது. வந்தால் மாதிரி எடுக்கிறார்கள், லைசென்சில் கை வைக்கிறார்கள், கடை என்ற ஒன்றையே ஒழித்துவிடவில்லை. கடல் தாண்டினால் யாழ்ப்பாணத்தில் இதற்குத் தவறணை என்று பெயர்.

'திருவள்ளுவர் கள்ளுண்ணாமை எழுதியிருக்கிறாரே டீச்சர்' என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருக்கிறார். 93-ஆம் அதிகாரம், பத்துக் குறளும் எனக்கு மனப்பாடம், உங்களுக்கு மனப்பாடம் ஆக்கியதும் நான்தான். 26-ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். அதுவும் அவர் எழுதியதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டன் கடை வரிசையில் நிற்கும்போது அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்காஞ்சியை எடுத்துப் பாருங்கள், அந்தக் காலத்து மதுரைத் தெருக்களில் பறந்த கொடிகளில் கள் விற்கிற இடத்தின் கொடியும் ஒன்று. லண்டன் பப்பை விடப் பழசு நம்முடையது. கருப்பசாமிக்குப் பாட்டிலும் சுருட்டும் வைத்துப் படைப்பீர்கள், அப்போது மட்டும் யாருக்கும் கூசாது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று கேட்கவில்லை. பையன்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. நீங்கள் யாரும் குடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை, குடிக்காமல் இருந்தால் ரொம்பச் சந்தோஷம். எப்படியும் குடிக்கிறவனுக்கு ஒரு பெஞ்சு போடுங்கள். எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே கிளாஸ். வாசலில் அடுப்பு எரியட்டும், அந்தக் கடைக்கு உரிமம் ஊர்ப் பெண்கள் குழுவுக்குப் போகட்டும். நம் சுற்றுவட்டாரத்தில் மரம் ஏறத் தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான் மிச்சம். அவர்களும் போய்விட்டால் பிறகு சட்டத்தை மாற்றி என்ன செய்ய?

தம்பி, உன் மகளுக்கு வருகிற வரன் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் போகட்டும். மாமியார் வீட்டுக்கு அவளுக்கு மிளகு நண்டு வைக்கச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறேன்.

லண்டன் மருமகனே, நீ ஒன்றும் கோபப்படாதே, உன் படம் நல்ல படம். பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு பார்க்க வருவாய் அல்லவா, அப்போது அம்மாச்சி அடுப்பு இருந்த இடத்தைக் காட்டுகிறேன். இப்போது அங்கே ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது. பின்னால் இரண்டு தென்னை மட்டும் நிற்கிறது.